பலகை இல்லாத மடை

"மாசி 9, புதன். இங்கு க்ஷேமம். சுண்ணாம்புச் சூளைக்கு ஆற்றுமுகத்து மரத்தைத்தான் வெட்டுகிறோம். உப்புத் தண்ணீரில் நிற்கிற மரம், நின்று எரிகிறது. முதல் ஓடையும் இரண்டாம் ஓடையும் முடித்தாயிற்று. மூன்றாம் ஓடையில் பாதி மிச்சம். அதுவும் முடிந்ததும் ஊர் வந்து சேருவேன்."

என் சின்னத் தாத்தா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தன் அண்ணனுக்கு எழுதிய அஞ்சலட்டை இது. ஆண்டு இருந்த இடத்தில் தபால் முத்திரையின் மை பரவிவிட்டது. மாசி ஒன்பதும் புதன்கிழமையும் சேர்ந்து வருகிற ஆண்டுகளைப் பழைய பஞ்சாங்கங்களில் தேடினேன். அவர் அங்கே விறகு மேஸ்திரியாக இருந்திருக்கக்கூடிய காலத்தில் மூன்று ஆண்டுகள் பொருந்தின. அதற்குமேல் நகர முடியவில்லை.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். பாசனப் பிரிவில் வேலை பார்த்தபோது தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதியவன். ஓய்வுபெற்ற பிறகும் மொட்டை மாடியில் ஒன்று வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மழையே இல்லாத நாளுக்கும் ஒரு பூஜ்யம் போட்டால்தான் எனக்குக் காலைச் சிற்றுண்டி இறங்கும். இப்படிப்பட்டவனிடம் ஆண்டில்லாத கடிதம் ஒன்று இருந்தால் சும்மா இருக்க முடியாது.

ஆற்றுமுகத்தில் பெண்கள் சிலர் அலையாத்தி மரங்களைத் திரும்ப நடுகிறார்கள் என்று நாளிதழில் ஒரு சிறு செய்தி வந்திருந்தது. நிருபரிடம் எண் வாங்கி, குழுத் தலைவி பிலோமினாவிடம் பேசினேன். என் கடிதக் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "வாங்க சார். ஆனா சும்மா பாத்துட்டுப் போற ஆளுக எங்களுக்கு நெறைய வந்தாச்சு. வந்தா ரெண்டு குடம் தண்ணி தூக்கணும்."

வியாழன்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பேருந்தில் ஏறினேன். முத்தையாபுரத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நாற்பது நிமிடம் நின்றோம். அந்த வெக்கையில் கண் அசந்துவிட்டது. விழித்தபோது நான் இறங்க வேண்டிய பழையகாயல் போய்விட்டிருந்தது.

"மூணு மட்டம் விசில் அடிச்சேன்லா அண்ணாச்சி!" என்றார் நடத்துநர். "நீங்க எழும்பவே இல்ல. நான் திருச்செந்தூர் முருகனைப் பாக்கப் போறீயன்னு விட்டுட்டேன்."

காயல்பட்டினத்தில் இறங்கி எதிர்த்திசைப் பேருந்துக்குக் காத்திருந்தேன். நஷ்டமில்லை. ஒரு கடையில் இறால் உள்ளே வைத்துப் பொரித்த வாடா சூடாகக் கிடைத்தது. எங்கள் ஊரில் வடை என்றால் நடுவில் ஓட்டை இருக்கும். இங்கே அந்த இடத்தில் இறால் இருக்கிறது. இரண்டாவது வாடாவைக் கையில் வைத்துக்கொண்டே பேருந்தில் ஏறினேன்.

பிலோமினாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்த லேஞ்சித் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டீயளா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் கருப்பட்டிக் காப்பியை நீட்டினார். குடித்து முடித்ததும் குடத்தையும் நீட்டினார்.

அந்த நிலம் ஆற்றுமுகத்தை ஒட்டிய ஒரு பழைய உப்பளம். சுற்றிலும் இடுப்பளவு மண்வரப்பு. வரப்புக்கு வெளியே கடல்நீர் ஏறி இறங்குகிற ஓடை. பங்குனியில் நினைத்த நேரத்தில் மழை கொட்டியும், அமாவாசைக்கு அமாவாசை கடல் வரப்பைத் தாண்டியும் உப்பைக் கரைத்துக்கொண்டே இருந்ததால் உரிமையாளர் கைவிட்டுப் போனார். பிறகு அரசு அலுவலகம் ஒன்று இந்த நிலத்தைப் பிலோமினாவின் குழுவிடம் கொடுத்தது. பதினோரு பெண்கள். எல்லாரும் நண்டும் இறாலும் பிடிக்கிற வீட்டுக்காரர்கள்.

"மரம் இருந்தாத்தான் சேறு இருக்கும். சேறு இருந்தாத்தான் நண்டு இருக்கும்" என்றார். "நண்டு இல்லன்னா நாங்க முத்தையாபுரத்துல எவன் கம்பெனியிலயாவது கூட்டிப் பெருக்கணும்."

இரண்டு முறை நட்டு இரண்டு முறையும் போய்விட்டது. முதல் நடவு ஆற்றின் வெளிச்சேற்றில். டிசம்பர் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இரண்டாவது நடவு இந்த அளத்துக்குள். தண்ணீர் ஏறி இறங்க வழியில்லாததால் கன்றுகள் வெயிலில் கருகின. இது மூன்றாவது நடவு. இந்த முறை வரப்பில் ஓர் இடத்தில் வாய் வெட்டித் திறந்து, உள்ளே மீன்முள் போலக் கிளைகிளையாக வாய்க்கால் எடுத்திருக்கிறார்கள். நாற்பது வரிசைக் கன்றுகள். திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். இந்த முறையும் காய்ந்து கிடந்தால் நிலம் கைமாறும். இறால் பண்ணைக்குக் கேட்டு ஒருவர் ஏற்கெனவே மனுக் கொடுத்திருக்கிறாராம்.

"ஞாயித்துக்கெழம அமாவாசை. அன்னைக்குப் பெரிய ஏத்தம் வரும். அந்தத் தண்ணி உள்ள வந்துட்டா கன்னு பொழச்சிரும்" என்றார் பிலோமினா. "ஆனா வரமாட்டேங்குதே. நாங்க வெட்டி விடுதோம், கடல் மண்ணத் தள்ளி வாயை மூடிட்டுப் போவுது. மூணு மட்டம் வெட்டியாச்சு."

அதனால்தான் குடம். கன்றுகளின் அடியை ஈரமாக வைத்திருக்க, ஓடையிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுகிறார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கடல் மரத்துக்குக் கடல்நீரைச் சுமந்து ஊற்றுவதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். நான் ஏழு குடம் தூக்கினேன். எட்டாவதில் சறுக்கி விழுந்தேன்.

வெள்ளி

காலை பிலோமினா என்னை ஓடையின் அக்கரைக்குக் கூட்டிப்போய், வெட்டுக்குத் தப்பி நின்ற சில மரங்களைக் காட்டினார். சேற்றிலிருந்து விரல் விரலாக வேர்கள் மேல்நோக்கி எழுந்து நிற்கின்றன. தண்ணீர் இறங்கியதும் அவற்றால் மரம் மூச்சுவிடுகிறது. இலையின் அடியில் மெல்லிய வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்துப் பார்த்தேன், நல்ல உப்பு. குடித்த கடலை மரம் இலைவழியாகத் துப்புகிறது.

"கொழம்புக்கு உப்பு காணலன்னா ரெண்டு இலை கூடப் பறிச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றார் பிலோமினா. "சார்" ஒரே நாளில் "அண்ணாச்சி" ஆகியிருந்தது. ஏழு குடத்தின் பலன்.

இந்த மரங்களைப் பற்றிப் படித்தபோது என்னை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. மலைக்காட்டை வெட்டினால் மரத்தில் இருந்த கரி, அதாவது கார்பன், காற்றுக்குப் போகிறது. அலையாத்திக் காட்டில் மரத்தைவிடச் சேற்றுக்குள்தான் கரி அதிகம். தலைமுறை தலைமுறையாக உதிர்ந்த இலையும் வேரும் மூச்சுமுட்டிய சேற்றில் மட்காமல் கிடக்கின்றன. மரத்தை வெட்டி, வரப்புப் போட்டு, சேற்றைக் காயவிட்டால் அந்தப் பழைய கரியும் புகையாகிவிடும். சூளையில் எரிந்தது மரம் மட்டும்தான் என்று என் சின்னத் தாத்தா நினைத்திருப்பார். அவர் காலடியிலும் ஒன்று மெதுவாக எரியத் தொடங்கியிருந்தது. அந்தப் புகை வானத்தைச் சூடாக்க, கடல் உயர, உயர்ந்த கடல் வரப்பைத் தாண்ட, தடுத்து நிறுத்த மரம் இல்லை. என் மழை ஏட்டிலும் மாசியின் பூஜ்யங்கள் முன்போல வரிசையாக நிற்பதில்லை. ஆனால் அது ஒரு மாடியின் ஏடு. அதை வைத்து உலகத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

அங்கிருந்து அடைபட்ட வாய்க்கு வந்தோம். வெளிப்பக்கம் தண்ணீர் வழித்துவிட்டதுபோல வழவழப்பாக இருந்தது. பழக்கதோஷத்தால் வரப்பைத் தாண்டி உள்பக்கமும் பார்த்தேன். அங்கே மண்கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. இடுக்குகளில் காய்ந்த புல் திணிக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றின் மேலும் ஒரு குதிகாலின் பள்ளம்.

"ஏனுங்க, இதைக் கடல் மூடலைங்க" என்றேன். "கடலுக்குக் குதிகால் இல்லைங்களே."

பிலோமினா குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இறால் பண்ணைக்காரன் ஆள் வெச்சிருக்கான். பாவி! ஏளா செல்வி, இங்கன வந்து பாரு! கடல், கடல்னு கடலையே ஏசிட்டிருந்தோமே!"

குழுவில் ஒருவரான செல்வி வந்து பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார்.

"என்னைக்கு சொன்னே?"

"மனசுல சொன்னேன்."

அன்று மாலை பெண்கள் நான்காம் முறையாக வாயை வெட்டித் திறந்தார்கள். மறுநாள் விடியலில் வந்து ஆளைப் பிடிப்பது என்று முடிவானது.

சனி

ஐந்தரைக்கு வரப்பின் மறைவில் உட்கார்ந்தோம். பிலோமினா, செல்வி, நான். எனக்குக் கையில் ஒரு கம்பு கொடுத்திருந்தார்கள். அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு வரப்பின்மேல் ஒரு சைக்கிள் வந்தது. அறுபது வயதுக்காரர். கேரியரில் மண்வெட்டி. தூக்குச்சட்டி ஹாண்டில்பாரில் ஆடியது. திறந்த வாயைப் பார்த்ததும் "ச்சை" என்று சலித்துக்கொண்டு இறங்கினார். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, நல்ல கெட்டி மண்ணாகத் தேடி எடுத்து, புல்லைச் செருகி அடைக்கத் தொடங்கினார். திருடன் இத்தனை நேர்த்தியாக வேலை செய்யமாட்டான் என்று எனக்குத் தோன்றியபோது பிலோமினா எழுந்து அவரை நோக்கி ஓடிவிட்டிருந்தார்.

"யாரு காசு குடுத்தா ஒமக்கு? சொல்லும்!"

மனிதர் மண்வெட்டியோடு திகைத்து நின்றார். "காசா? என்ன தாயி காசு?"

"எங்க வாயை அடைக்க எவன் அனுப்புனான்?"

"ஒடஞ்சு கெடக்கு, அடைக்கேன். இதுக்கு ஆரு அனுப்பணும்?" அவருக்கும் கோபம் வந்தது. "பத்து நாளா எவனோ ஒரு களவாணி இந்த வரப்ப ஒடைச்சிட்டே இருக்கான். கையில மாட்டட்டும், காலை ஒடிக்கேன்னு இருக்கேன்."

"அந்தக் களவாணி நாங்கதான்! ஒடியும் காலை!"

மண்வெட்டி தரைக்கு இறங்கியது. அவர் பெயர் சுடலைமுத்து. அடுத்திருந்த அளத்தில் வேலை. கைவிடப்படும்வரை இதே அளத்திலும் இருந்தவர். உப்பு சீசன் தொடங்குவதால் தினமும் விடியலில் இந்த வரப்பு வழியாகத்தான் போகிறார். நடவு நடந்தது அவருக்குத் தெரியும். வாய்க்கால் வெட்டியதும் தெரியும். வரப்பைத் திறந்ததும் அவர்கள்தான் என்பது மட்டும் தெரியாது.

"தெரிஞ்சுமா அடைச்சீய?" என்றார் செல்வி.

"கன்னு நட்டிருக்கீய, தண்ணி புகுந்து அழிச்சிரக் கூடாதேன்னுதான் கூடுதலா மிதிச்சு அடைச்சேன்" என்றார்.

பிறகு அவரே என் பக்கம் திரும்பி, வெளியூர்க்காரனுக்கு விளக்குகிற குரலில் சொன்னார்: "அளத்துல ஒடப்பு இருந்தா ஆரு அளம்னு கேக்கிறதில்ல அண்ணாச்சி. மொதல்ல பாக்கிறவன் அடைச்சிட்டுத்தான் அங்கிட்டுப் போவணும். உப்பு கரைஞ்ச பொறவு சொந்தக்காரனத் தேடி என்ன செய்ய? ஒடப்பப் பாத்துட்டு சும்மா போனா எனக்குச் சோறு எறங்காது."

பூஜ்யம் போடாமல் சிற்றுண்டி இறங்காதவன் நான். அவரைப் புரிந்துகொள்ள எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்தில் வாய்க்கால் கரை உடைந்தால் அடைப்பதற்கு முன் உடைத்தவனைத் தேடுவோம். அவன் அகப்படுவதற்குள் வயல் மூழ்கிவிடும். இங்கே அடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நல்ல வழக்கம். அந்த நல்ல வழக்கம்தான் நாற்பது வரிசைக் கன்றுகளைக் கொன்றுகொண்டிருந்தது.

"சரி, நீங்க இனி அடைக்க மாட்டீய" என்றார் பிலோமினா. "மத்தவங்க?"

அதுதான் கேள்வி. இந்த வரப்பில் நாளைக்கு இருபது பேர் போவார்கள். இருபது பேருக்கும் அதே கை. காவல் நிற்க முடியாது. அறிவிப்பு எழுதி வைத்தால் படித்துவிட்டும் அடைப்பார்கள் என்றார் சுடலைமுத்து. "கண்ணு படிக்கும். கை அடைச்சிரும்."

அவர் அந்த வாயையே பார்த்துக்கொண்டு பீடி ஒன்றை முடித்தார்.

"தப்பு ஒங்க மேலயும் இருக்கு. மடைன்னா மடைமாதிரி இருக்கணும். ரெண்டு பக்கமும் காலு நட்டு, நடுவுல பலகை போட்டிருந்தா எந்த அளக்காரனும் தொடமாட்டான். வெறும் மண்ணுல ஓட்டை இருந்தா அது ஒடப்பு."

"பலகை போட்டா தண்ணி எப்பிடி வரும்?" என்றார் செல்வி.

"காலு மட்டும் நடுவோம்" என்றார் சுடலைமுத்து. "பலகைய எவனோ தேவைக்குக் கழத்தி வெச்சிருக்கான்னு நெனச்சிட்டுப் போவாங்க. அடுத்தவன் மடையில கை வைக்கிறது அளத்துல பெரிய குத்தம்."

பழைய மடை ஒன்றின் பனங்கால்கள் இரண்டு அவர் அளத்தில் கிடந்தன. பலகை இறங்குவதற்கான நீளப் பள்ளம், அதாவது காடி, வெட்டியவை. மத்தியானம் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து அவரே நட்டார். கதவில்லாத நிலைபோல அது நின்றது. மாலை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் மண்வெட்டியோடு கடந்தார்கள். ஒருவர் நின்றார். காடியைத் தடவிப் பார்த்தார். "பலகைய வெளியில போட்டு வைக்காதீய, களவாண்டிருவானுவ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிலோமினா லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூன்று நாளில் அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஞாயிறு, அமாவாசை

தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து பதினோரு பேரும் வந்தார்கள். வரப்பின்மேலேயே பாறை மீன் குழம்பும் சோறும். சுடலைமுத்து அமாவாசை விரதம் என்று மீனைத் தொடவில்லை. மோர் மட்டும் குடித்தார். "குழம்பு வாசனைக்கு வெரதம் முறியாதுல்லா?" என்று கேட்டுவிட்டுக் காற்றுப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

12.50: ஓடையின் நீர் வாயைத் தொட்டது. முதலில் நுரை, பிறகு ஒரு விரல் கனத்தில் கலங்கல். மீன்முள் வாய்க்காலின் நடுத்தண்டில் அது ஊர்ந்து, ஒவ்வொரு கிளையாகத் திரும்பியது. பெண்கள் வரிசை எண்ணைச் சொல்லிக்கொண்டே கூட நடந்தார்கள். நான் நேரம் எழுதினேன்.

1.20: இருபத்திரண்டாம் வரிசையில் தண்ணீர் நின்றுவிட்டது. அதற்கப்பால் தரை சற்று மேடு. பதினெட்டு வரிசைகள் காய்ந்து கிடந்தன. பிலோமினா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "பாதி" என்று மட்டும் சொன்னார்.

சுடலைமுத்து கிழக்கு மூலையைக் காட்டினார். "அந்த மூலையில எப்பவும் ஊத்தம் எடுக்கும், அடியிலேர்ந்து தண்ணி கசியும். அளம் ஓடுன காலத்துல அதை அடைச்சே என் முதுகு போச்சு. கீழ ஏதோ பழைய ஓடை இருக்குன்னு அளத்து மேஸ்திரி சொல்லுவாரு. தண்ணிக்கு அந்த வழி தெரியும்."

அடைத்த கையாலேயே அந்த மூலையை அவர் வெட்டினார். பதினோரு பெண்களும் கூட வெட்டினார்கள். நானும். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ மோதி நின்றது. கல் அல்ல. கையால் வழித்துப் பார்த்தோம். கரிபோலக் கறுத்த அடிக்கட்டைகள்; ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, அப்பால் மூன்று. மேல்பக்கம் சாய்வாக, வழவழவென்று. தானாக முறிந்த மரத்துக்கு அப்படி முகம் இருக்காது. கோடாலி.

நான் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். மூன்றாம் ஓடையில் பாதி மிச்சம்.

"ஒங்க தாத்தா வெட்டுனதா?" என்றார் பிலோமினா.

"தெரியலைங்க. இருக்கலாம்."

"அப்போ ஏழு குடம் காணாது அண்ணாச்சி" என்றார். மண்வெட்டியை என் கையில் வைத்தார்.

2.05: கட்டைகளுக்கு இடையிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. யாரும் காட்டாமலே மேட்டைச் சுற்றிக்கொண்டு போய் முப்பதாம் வரிசையில் நுழைந்து இரண்டு பக்கமும் பரவியது. 2.25: நாற்பதாம் வரிசையின் கடைசிக் கன்று நனைந்தது. செல்வி அதன் பக்கத்தில் குத்தவைத்து, "குடி, குடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கள்

அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு இறங்கி ஈரத்தை மிதித்துப் பார்த்தார். கன்றுகளைத் தொட்டுப் பார்த்தார். மடையின் முன் நின்று, "பலகை எங்கே?" என்றார்.

"பலகை போட்டா கடல் எந்த வழியா வரும் சார்?" என்றார் சுடலைமுத்து. வேலைக்குப் போகாமல் அன்று அவரும் அங்கே நின்றார்.

அதிகாரி ஏதோ எழுதினார். அடுத்த வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிலம் குழுவிடமே இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். பிலோமினா தலையை மட்டும் ஆட்டினார். ஜீப் மறைந்த பிறகுதான் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கறுத்த கட்டையிலிருந்து கையளவு சில்லு ஒன்றை எனக்குத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஊர் திரும்பிய பிறகு சித்திரையில் ஒருநாள் அவர் தொலைபேசியில் பேசினார். கன்றுகள் புது இலை விட்டிருக்கின்றன. மூலை வாய்க்காலில் சேற்று நண்டு வளை தோண்டியிருக்கிறது. "மூணாம் ஓடையிலதான் மொத நண்டு" என்றார்.

அது மூன்றாம் ஓடைதான் என்பதற்கு இன்னும் ஆதாரம் இல்லை என்று நான் சொன்னேன். பழைய நில வரைபடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்; பதில் வரவில்லை. மிச்சமிருந்த பாதியையும் சின்னத் தாத்தா முடித்துவிட்டுத்தான் ஊர் வந்தாரா என்பதும் தெரியாது. வந்தார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். எந்த மாதம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

"நீங்க மெதுவா சரி பாருங்க அண்ணாச்சி. நாங்க பேரு வெச்சாச்சு" என்றார் பிலோமினா.

கட்டைச் சில்லு என் மழை ஏட்டின் மேல் இருக்கிறது. அதில் ஒட்டியுள்ள சீட்டில் எழுதியிருப்பது: கிழக்கு மூலை, மாசி அமாவாசை, பிற்பகல் 2 மணி அளவில். மூன்றாம் ஓடை எனப்படுகிறது. சரிபார்க்கப்படவில்லை.